எங்கே என்று உடைக்கும் முன், எப்போது என்று பாருங்கள்

கேள்வி: ஐயா, நான்கு மாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். எட்டு மாதமாக எங்கள் படுக்கையறைக் கூரையில் ஓதம். மேல்வீட்டுக் குளியலறைச் சுவருக்கு நேர் கீழே தொடங்கியது, இப்போது மின்விளக்கு வரை வந்துவிட்டது. மேல்வீட்டில் வயதான கணவன் மனைவி. நாங்கள் சொன்னதும் மறுபேச்சுப் பேசாமல் குளியலறைத் தரையை முழுக்க உடைத்து, கசிவுத் தடுப்புப் பூச்சு பூசி, புதிதாக டைல்ஸ் பதித்தார்கள். மூன்று வாரம் நன்றாக இருந்தது. பிறகு பழையபடி சொட்ட ஆரம்பித்துவிட்டது. ஒரு பிளம்பர், குழாய் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறார். தெர்மல் கேமரா கொண்டுவந்து பார்த்தவர், வெளிச்சுவரில் மழைநீர் இறங்குகிறது என்கிறார். மூன்றாமவர், எங்கள் கூரையிலேயே உள்பக்கமாக ஒன்றைப் பூசினால் நின்றுவிடும் என்கிறார். நடுவில் மேல்வீட்டார் பத்து நாள் வெளியூர் போயிருந்தார்கள். அப்போது கறை காய்ந்திருந்தது. மறுபடி உடைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த அம்மா இப்போது படியில் பார்த்தால்கூட முகம் கொடுத்துப் பேசுவதில்லை. யார் சொல்வதை நம்புவது?

— ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கறை மின்விளக்கை எட்டிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். என் கண் முதலில் அங்கேதான் நின்றது. மற்றதெல்லாம் பிறகு, இன்றைக்கே அந்த விளக்குக்குப் போகும் எம்சிபியை, அதாவது மின்பலகையில் இருக்கும் மின்துண்டிப்பானை, இறக்கிவையுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ஈரமான பெட்டிக்குள் மின்சாரம் வந்துகொண்டே இருக்கலாம். அடுத்து, துடைப்பக் கட்டையின் முனையால் கறையைச் சுற்றி மெதுவாகத் தட்டிப் பாருங்கள். பூச்சு கெட்டியாக இருக்கும் இடத்தில் ‘டக்’கென்று கேட்கும். விட்டுப்போன இடத்தில் காலிப் பானையைத் தட்டியதுபோல் கேட்கும். அப்படிக் கேட்டால் கட்டிலை அங்கிருந்து நகர்த்திவிடுங்கள். கூரையில் துருநிறக் கோடோ, கம்பி ஓடும் போக்கில் நீளமான விரிசலோ தெரிந்தால் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை நேரில் வரவழைத்துக் காட்ட வேண்டும். துரு ஏறிய கம்பி, பழைய இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளும்.

இனி உங்கள் கேள்வி. மூன்று பேர் மூன்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். மூவரும் பார்த்தது கறை இருக்கும் இடத்தை. விடைக்கு மிக அருகில் போனது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான்: மேல்வீட்டார் இல்லாத பத்து நாளில் கறை காய்ந்தது.

கட்டடத்துக்குள் தண்ணீர் கசிய எத்தனையோ வழி இருப்பதுபோல் தோன்றும். அது எந்த நேரத்தில் வருகிறது என்று பார்த்தால் நாலைந்து வகைக்குள் அடங்கிவிடும். எந்நேரமும் அழுத்தத்தோடு நிற்கும் நல்ல தண்ணீர்க் குழாய் ஓட்டையானால் இரவென்றும் பகலென்றும் பாராமல், வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒழுகும். கழிவுநீர்க் குழாயின் இணைப்பு விட்டிருந்தால் யாராவது தண்ணீர் விடும்போது மட்டும் ஒழுகும், சீக்கிரம் அடங்கும். தரை வழியாக இறங்கினால் குளித்து முடித்துச் சில மணி நேரம் கழித்துத் தலைகாட்டும், மெல்லத்தான் வற்றும். மழைநீர் மழைக்குப் பின்னால் வரும். இவை தவிர, காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த பரப்பில் படிந்து வியர்ப்பதும் உண்டு. 30 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் ஏதாவது ஒரு பரப்பு 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தாலே அதில் நீர் முத்துமுத்தாகக் கட்டும்.

இப்படிப் பார்த்தால், ஆளில்லாத வீட்டின் கீழே கறை காய்ந்ததால் நல்ல தண்ணீர்க் குழாய்மேல் குற்றமில்லை என்று சொல்லத் தோன்றும். அவசரப்படாதீர்கள். கிளம்பும்போது அவர்கள் வீட்டு மெயின் வால்வை மூடிவிட்டுப் போனார்களா? நாள் கணக்கில் வெளியூர் போகிறவர்கள் பலர் மூடிவிட்டுத்தான் போவார்கள். மூடியிருந்தால் ஓட்டைக் குழாயும் அந்தப் பத்து நாள் சும்மாதான் இருந்திருக்கும். நமக்கு எதுவும் தெரியவில்லை என்றே அர்த்தம். வால்வு திறந்தே இருந்தும் கறை காய்ந்தது என்றால், ‘எல்லாக் குழாயையும் மாற்று’ என்ற பிளம்பரின் யோசனைக்குக் காலே இல்லை. இந்த ஒரு கேள்விக்கு அந்த அம்மா சொல்லப்போகும் பதிலுக்கு, இதுவரை உடைத்த தரை முழுவதையும்விட மதிப்பு அதிகம்.

அதே பத்து நாளில் மழை பெய்ததா என்றும் யோசித்துப் பாருங்கள். நினைவை நம்ப வேண்டாம்; கைபேசியில் அந்த நாட்களில் எடுத்த படங்களைப் புரட்டினாலே ஏதாவது ஒன்றில் நனைந்த தெருவோ குடையோ இருக்கும். நல்ல மழை பெய்தும் கறை காய்ந்திருந்தால் வெளிச்சுவர்க் கதையையும் ஓரம் வைத்துவிடலாம்.

‘மூன்று வாரம் நன்றாக இருந்தது’ என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். தரையை உடைத்த நாள் முதல் டைல்ஸ் இறுகும் வரை அந்தக் குளியலறையில் யாரும் குளித்திருக்க மாட்டார்கள். தளம் காய அவகாசம் கிடைத்தது. மறுபடி குளிக்கத் தொடங்கியதும் நீர் உடனே உங்கள் கூரைக்கு வந்துவிடாது. குழாய்கள் போவதற்காகக் குளியலறைத் தளத்தைத் தாழ்த்திக் கட்டி, உள்ளே செங்கல் துண்டும் ஜல்லியும் நிரப்பியிருந்தால் அந்தப் பள்ளம் ஒரு தொட்டிபோல் வேலை செய்யும். மூன்று சதுர மீட்டர் தரை, 30 செ.மீ. ஆழம், நிரப்பியதில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள்: 90 லிட்டர் பிடிக்கும். அது நிறைந்து, ஒரு விரிசலைக் கண்டுபிடித்து, உங்கள் பூச்சை நனைக்க வாரக்கணக்கில் ஆகலாம். ஆகவே அந்த மூன்று வாரம், வேலை பலித்தது என்பதற்குச் சாட்சியாகாது. பழுது வேறெங்கோ அப்படியே இருந்து, தொட்டி நிரம்ப எடுத்துக்கொண்ட நாட்களாகவும் அவை இருக்கலாம்.

இடத்தை வைத்து முடிவெடுப்பதை நான் ஏன் இவ்வளவு அஞ்சுகிறேன் என்று சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு வீட்டுச் சமையலறைக்கு நேர் கீழே கறை இருந்ததைப் பார்த்து, சமையலறைத் தரையை உடைக்கச் சொன்னேன். உடைத்தோம். உள்ளே மணல் உலர்ந்து, விரலால் கிளறினால் தூசி பறந்தது. அந்த வீட்டுப் பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் வாசற்படியில் நின்று இடிபாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் புறப்பட்டது நாலு மீட்டர் தள்ளி, குளியலறையில். தளத்துக்குள் பதித்த மின்கம்பிக் குழாய்க்குள் புகுந்து, அதன் வழியே ஓடி, விளக்குப் பெட்டி இருந்த ஓட்டையில் இறங்கியிருந்தது. நீர் பள்ளம் பார்த்துப் போகும், சுலபமான வழி பார்த்து வெளியேறும். கறை என்பது அது வெளியேறிய வாசல். உங்கள் வீட்டிலும் கறை விளக்கை நோக்கி நகர்ந்திருப்பதைக் கவனியுங்கள். அந்தப் பெரியவர் முகத்தைப் பார்த்த பிறகு, நேரம் எழுதிய தாள் கையில் இல்லாமல் எந்த வீட்டிலும் உளியை எடுக்க விடுவதில்லை.

அந்தத் தாளை நீங்கள்தான் எழுத வேண்டும். ஒரு பென்சிலால் கறையின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்திலேயே தேதியும் மணியும் குறியுங்கள். சொட்டு விழும் இடத்தில் அளவு போட்ட பாத்திரம் வையுங்கள். காலை, மதியம், மாலை, படுக்கும் முன் என்று நான்கு வேளை புறங்கையால் கூரையைத் தொட்டுப் பாருங்கள். உள்ளங்கையைவிடப் புறங்கைக்குக் குளிர்ச்சி நன்றாகத் தெரியும். டார்ச்சை நேராகப் பிடிக்காமல் கூரையை ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால், பெயிண்ட் லேசாக உப்பியிருப்பதுகூட நிழல் விழுந்து தெரியும். சொட்டுகிறது என்றால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணுங்கள். ஒரு சொட்டு கால் மில்லி என்று வைத்தால் நொடிக்கு ஒரு சொட்டு விழும் கசிவு, ஒரு நாளில் 20 லிட்டருக்கு மேல் கொட்டுகிறது. மேலே யார் எப்போது குளித்தார்கள், ஷவரிலா வாளியிலா, துணி துவைத்தார்களா என்பதும் அதே தாளில் வர வேண்டும். ஏழு நாள் எழுதினாலே போதும். எட்டு மாதம் நீங்கள் தூக்கம் கெட்டதோடு ஒப்பிட்டால் ஏழு நாள் பெரிதல்ல.

கறையின் நிறத்தையும் படித்துப் பார்க்கலாம். ஒன்றுக்குள் ஒன்றாகப் பழுப்பு வளையங்கள் இருந்தால் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து வந்திருக்கிறது. நடுவில் வளையமே இல்லாமல் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் நீர் நிற்காமல் வருகிறது. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் நீர் காரைக்குள் புகுந்து, அங்கிருந்த உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்து ஆவியாகியிருக்கிறது. கூரையிலிருந்து சிறு குச்சிபோல் வெள்ளைக் காரைத் தொங்கல் வளர்ந்திருந்தால் அது வெகு நாளையக் கசிவு. கான்கிரீட்டின் சுண்ணாம்பு கரைந்து, காற்றுப்பட்டு மறுபடி கல்லாகியிருக்கிறது.

தாள் தயாரான பிறகு மேல்வீட்டில் சோதனைகள். எதிலும் ஒரு ஓடுகூட உடையாது. ஒரே ஒரு ஒழுங்கு மட்டும் மாறக் கூடாது: ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் சோதிக்க வேண்டும், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவில் குறைந்தது ஒரு நாள் விட வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் திறந்துவிட்டுப் பார்த்தால், கீழே சொட்டும்போது எது சொட்டியது என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் நல்ல தண்ணீர். மெயின் வால்வை மூடிவிட்டு, குழாய் ஒன்றில் அழுத்தமானியைப் பொருத்தி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி முள்ளைப் பார்ப்பார்கள். குளிர்ந்த நீர்க் குழாயையும் வெந்நீர்க் குழாயையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால் குழாயில் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் நிற்கும். வழக்கமான அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றுவது நடைமுறை. பழைய குழாய்க்கு அதற்கு மேல் போனால் நல்ல இணைப்பையும் கெடுத்துவிடுவோம். முள் தொடக்கத்தில் கொஞ்சம் இறங்குவதைக் கண்டு பதற வேண்டாம். உள்ளே சிக்கிய காற்றும், நீரின் வெப்பம் மாறுவதும் அப்படிச் செய்யும். மறுபடி ஏற்றி, அரை மணி நேரம் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

இந்தச் சோதனையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. ஷவர் வால்வுக்கு அப்புறம், சுவருக்குள்ளேயே மேலேறிப் போகும் குழாயில் ஷவரைத் திறக்கும்போதுதான் தண்ணீர் போகும். வால்வு மூடியிருக்கும்வரை எத்தனை பார் ஏற்றினாலும் அழுத்தமானிக்கு அந்தத் துண்டு தெரியாது. உங்கள் வீட்டுக் கதையைப் படிக்கும்போது என் சந்தேகம் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது. தரையை முழுக்க மாற்றியும் நிற்கவில்லை, ஆளில்லாதபோது காய்ந்தது, கறை தொடங்கியது சுவருக்கு நேர் கீழே. மூன்றும் சேர்ந்தால் சுவரைத்தான் கேட்கத் தோன்றுகிறது.

இதேபோல் ஒரு வீட்டில் இரண்டு முறை தரையை மாற்றியிருந்தார்கள். நான் போனபோது மூன்றாவது முறைக்கு ஆள் பேசி வைத்திருந்தார்கள். ஷவர் தலையைக் கழற்றி, அந்த வாயில் டெஃப்லான் டேப் சுற்றிய ஒரு எண்ட் பிளக்கை முடுக்கி அடைத்தோம். பிறகு ஷவர் வால்வைத் திறந்துவைத்தோம். குளியலறையில் ஒரு சொட்டு நீர் கீழே விழவில்லை. தரை எலும்புபோல் உலர்ந்து கிடந்தது. ஆனால் சுவருக்குள் இருக்கும் குழாயில் இப்போது முழு அழுத்தம். நான் கீழ்வீட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி நின்றேன். இருபது நிமிடம் போனது. கறையின் நடுவில் பெயிண்ட் லேசாகக் கருத்து, பளபளவென்று ஆனது. ஒரு முத்து கனிந்து, நடுங்கி, என் மணிக்கட்டில் விழுந்தது. மேலே வால்வை மூடச் சொல்லிக் குரல் கொடுத்தேன். சுவருக்குள் ஷவர் குழாய் திரும்பும் எல்போவில், மரை மயிரிழை விட்டிருந்தது. ஒரே ஒரு டைல்ஸைக் கழற்றிச் சரிசெய்தோம். இரண்டு முறை உடைத்த தரைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஆகவே உங்கள் மேல்வீட்டில் அழுத்தமானிச் சோதனைக்கு அடுத்ததாக இதைச் செய்யச் சொல்லுங்கள். ஷவருக்கும் கீழ்க்குழாய்க்கும் மாற்றிவிடும் டைவர்ட்டர் இருந்தால் அதை ஷவர் பக்கம் திருப்பிவைத்துச் செய்ய வேண்டும்.

அடுத்தது கழிவுநீர். இங்கே முக்கியம், தரை நனையாமல் தண்ணீரை நேராக வடிகால் துளைக்குள் விடுவது. ஒரு ரப்பர் குழாயைத் துளைக்குள் நுழைத்து இருபது, முப்பது லிட்டர் விடுங்கள். வாஷ்பேசினை விளிம்புவரை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். மெல்லிய ஓட்டத்தில் குழாயின் அடிப்பாகம் மட்டுமே நனையும், மேல்பக்க விரிசல் குழாய் நிறைந்து ஓடும்போதுதான் ஒழுகும். கழிவறையைத் தனியாக, இன்னொரு நாளில் பலமுறை ஃபிளஷ் செய்து பாருங்கள். தரைக்கு மேல் இருக்கும் ஒன்றை மாற்றினால் தரைக்குக் கீழே இருக்கும் இணைப்பு தானாகச் சரியாகாது. அன்று தரையை உடைத்தவர்கள் அந்த இணைப்புகளைத் தொட்டார்களா, பழையதன் மேலேயே பூசிவிட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தரை. வடிகால் துளையை அடைத்து, வாசல் விளிம்புக்குக் கீழே நிற்கும்படி 5 செ.மீ. உயரம் நீர் கட்டி, சுவரில் மட்டத்தைக் குறித்து 24 மணி நேரம் விடுவார்கள். சதுர மீட்டருக்கு 50 கிலோதான் எடை, நல்ல நிலையில் உள்ள தளம் தாங்கும். ஆனால் நான் முதலில் சொன்ன துருவோ விரிசலோ உங்கள் கூரையில் தெரிந்தால் இதைச் செய்யவே வேண்டாம். தரையும் தப்பித்தால், சுவர் டைல்ஸ் மேல் கைஷவரால் பகுதி பகுதியாக நீரடித்துப் பார்க்கலாம். குழாய் சுவரில் நுழையும் இடத்தை மூடும் வட்டத் தகட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் அடைக்காத ஓட்டை இருக்கும். குளிக்கும்போது அதற்குள் போகும் நீர் யார் கண்ணிலும் படாது.

சாயம் கலந்து பார்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். பார்க்கலாம், பெரிய பெரிய தேடல்களையே அது முடித்துவைத்திருக்கிறது. ஜெர்மனியில் டான்யூப் ஆறு ஓரிடத்தில் நிலத்துக்குள் காணாமல் போகிறது. அந்த நீர் எங்கே போகிறது என்று 1877-இல் பத்து கிலோ ஃபுளோரசின் சாயத்தை அங்கே கரைத்தார்கள். ஏறக்குறைய 60 மணி நேரம் கழித்து, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆக் ஊற்று பச்சையாகச் சுரந்தது. அதே சாயம் இன்றும் எங்கள் பெட்டியில் இருக்கிறது. புற ஊதா டார்ச் அடித்தால் கொஞ்சம் இருந்தாலும் பச்சையாக ஒளிரும். வீட்டில் இருக்கும் உணவு நிறமியைக் காரையும் மணலும் உறிஞ்சிவிடக்கூடும். கீழே நிறம் வந்தால் குற்றவாளி அகப்பட்டான். வராவிட்டால் எதையும் விடுதலை செய்யாதீர்கள். டைல்ஸ் இடுக்கில் கறை நிற்கும், உங்கள் கூரையிலும் நிற்கும் என்பதால் நான் சாயத்தை வடிகாலுக்கும் கழிவறைக்கும் மட்டுமே பயன்படுத்துகிறேன்.

சொட்டும் நீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் குலுக்கிப் பார்ப்பதும் பயன்படும். நுரை நின்றால் சோப்புப் பட்ட நீர். நீரில் குளோரின் இருப்பது சோதனைத் தாளில் தெரிந்தால் நல்ல தண்ணீர்க் குழாய்மேல் சந்தேகம் வலுக்கும். தெரியாவிட்டால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, காரை வழியாக வரும்போதே குளோரின் போய்விடும். உப்பளவு காட்டும் டிடிஎஸ் மீட்டரை இதற்கு நம்பாதீர்கள். கான்கிரீட்டைக் கடந்து வந்த எந்த நீரிலும் உப்பும் சுண்ணாம்பும் ஏறியிருக்கும்.

கேமராக்காரர் சொன்னதற்கு வருகிறேன். தெர்மல் கேமரா தண்ணீரைக் காட்டாது, பரப்பின் வெப்பநிலையைக் காட்டும். ஈரம் ஆவியாகும் இடம் குளிர்ந்திருப்பதால் வேறு நிறத்தில் தெரிகிறது, அவ்வளவுதான். வெயில் படாத சுவரும் குளிர்ந்திருக்கும், பின்பக்கம் ஏசி ஓடும் சுவரும் குளிர்ந்திருக்கும். பளபளப்பான டைல்ஸில் எதிரே நிற்பவரின் உடல் வெப்பமே பிரதிபலித்து ஏமாற்றும். கேமரா சந்தேகிக்கும் இடத்தை ஈரமானியால் உறுதிசெய்ய வேண்டும். அந்த ஈரமானியும் சுவரில் உப்பு இருந்தாலோ உள்ளே இரும்பு இருந்தாலோ கூடுதலாகக் காட்டும். அதனால் ஒரு எண்ணை மட்டும் சொன்னால் ஏற்காதீர்கள். காய்ந்த இடத்தில் எவ்வளவு, ஈரமான இடத்தில் எவ்வளவு, நடுவில் இருபது செ.மீ.க்கு ஒன்றாக எடுத்தால் எந்தத் திசையில் ஏறிக்கொண்டே போகிறது என்று கேளுங்கள். அவர் வந்த நாளில் மேலே யாராவது குளித்திருந்தார்களா என்றும் கேளுங்கள். உலர்ந்திருக்கும் கசிவை எந்தக் கேமராவாலும் பிடிக்க முடியாது.

குழாயில் காது வைத்துக் கேட்கும் கருவி, ஐந்து சதவீத ஹைட்ரஜனும் மீதி நைட்ரஜனும் கலந்த வாயுவைக் குழாயில் ஏற்றித் தரைக்கு மேல் மோப்பம் பிடிக்கும் கருவி என்று வேறு சிலவும் உண்டு. இரண்டும் அழுத்தம் உள்ள குழாய்களுக்கே உகந்தவை. இரும்பிலும் செம்பிலும் கசியும் ஓசை வெகு தூரம் போகும், பிளாஸ்டிக் குழாயில் சீக்கிரம் அடங்கிவிடும். உங்கள் மேல்வீட்டுக் குழாய் அழுத்தமானிச் சோதனையில் தேறிவிட்டால் இவற்றை அழைக்கத் தேவையே இருக்காது.

உங்கள் கூரையில் உள்பக்கமாகப் பூசுவது என்ற மூன்றாவது யோசனையை மட்டும் தயவுசெய்து ஏற்காதீர்கள். அது நீரை நிறுத்தாது, வெளியே தெரியாமல் மறைக்கும். வெளியேற வழியில்லாத நீர் கம்பியைச் சுற்றி நின்றுகொண்டு தன் வேலையைச் செய்யும். இன்று கறை உங்களிடம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதன் வாயை அடைத்துவிட்டால், அடுத்த சேதி பூச்சு பெயர்ந்து விழும்போதுதான் வரும்.

இதேபோல் கடிதம் எழுதிய வேறு சிலருக்கும் இரண்டு வரி. தனி வீட்டில் இருப்பவர்கள் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரை இரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை குறித்துக்கொள்ளுங்கள். எண் மாறினால் மீட்டருக்கு அப்புறம் எங்கோ போகிறது. மேல்நிலைத் தொட்டி இருந்தால் அதற்கு நீர் வரும் வழியை அடைத்து, இரவில் மட்டத்தைக் குறித்துக் காலையில் பாருங்கள். ஃபிளஷ் டேங்கில் சாயம் கலந்து அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விட்டால், கழிவறைப் பேசினில் நிறம் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். சுவர் வியர்க்கிறதா, உள்ளிருந்து நனைகிறதா என்ற குழப்பம் இருந்தால், காய்ந்த நாளில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விடுங்கள். வெளிப்புறம் நனைந்தால் காற்றின் ஈரம், உட்புறம் நனைந்தால் சுவரின் ஈரம்.

சகோதரி, இனி அந்த அம்மா. அவர்கள் ஒருமுறை உங்களுக்காகத் தங்கள் வீட்டை உடைத்துப் போட்டவர்கள். வயதான காலத்தில் வாரக்கணக்கில் குளியலறை இல்லாமல் இருந்திருக்கிறார்கள், அதற்குப் பிறகும் ‘இன்னும் ஒழுகுகிறது’ என்ற பேச்சு வந்தால் யாருக்கும் மனம் கசக்கும். அவர்கள்மேல் தவறில்லை, உங்கள்மேலும் தவறில்லை. போய், ‘அம்மா, அன்று தரையை உடைக்கச் சொன்னது அவசர முடிவு. இந்த முறை எதையும் உடைக்காமல் கண்டுபிடிக்கலாம், எனக்கு உங்கள் உதவி வேண்டும்’ என்று சொல்லுங்கள். குளிக்கும் நேரத்தைக் குறிக்க அவர்களிடமும் ஒரு தாள் கொடுங்கள். சோதனை நடக்கும்போது அவர்களில் ஒருவரைக் கீழே அழைத்து உங்கள் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். தங்கள் வீட்டு வால்வைத் திறந்ததும் இங்கே ஒரு முத்து கனிவதை ஒருவர் தம் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு வாக்குவாதமே வராது. எதுவும் வரவில்லை என்றாலும் அவர்களும் சேர்ந்தே அதைப் பார்த்திருப்பார்கள்.

இடம் தெரிந்து பழுது பார்க்கும்போது, சுவரை மூடும் முன் குழாயின் பக்கத்தில் அளவு டேப்பை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூடும் முன்பே அதே சோதனையை இன்னொரு தடவை செய்ய வேண்டும். அதன் பிறகும் உங்கள் கறை சில வாரம் அப்படியே இருக்கும், சொட்டவும் செய்யலாம். தளத்துக்குள் தேங்கிய நீர் இறங்கித் தீர வேண்டும். புதுக் கான்கிரீட் ஓர் அங்குலம் உலர ஒரு மாதம் என்று தொழிலில் கணக்குச் சொல்வார்கள், ஊறிப்போன தளத்துக்கும் அந்தப் பொறுமை வேண்டும். பென்சில் கோடு விரியாமல், பாத்திரத்து நீர் நாளுக்கு நாள் குறைந்தால் வேலை பலித்திருக்கிறது. அதுவரை பெயிண்ட் அடிக்க வேண்டாம். ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை ஓடவிடுங்கள். விளக்கின் இணைப்பை ஓர் எலக்ட்ரீஷியன் திறந்து, உலர்ந்திருப்பதைப் பார்த்துச் சொன்ன பிறகே எம்சிபியை ஏற்றுங்கள்.

ஏழு நாள் தாளையும், அந்தப் பத்து நாளில் வால்வு மூடியிருந்ததா என்ற பதிலையும் எனக்கு அனுப்பிவையுங்கள். மேல்வீட்டார் ஷவரில் குளிக்கிறார்களா, வாளியில் மொண்டு குளிக்கிறார்களா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.